மூன்று பேருக்கான குழி

அணுகுண்டு போட்டால் கசாப்புக் கடை வாசலில்தான் சாகப்போகிறோம் என்பது பெவர்லிக்குப் பத்து வயதிலேயே தெரிந்துபோயிற்று. எல்லாம் கணக்குதான். அபாயச் சங்கு ஊதியதிலிருந்து குண்டு விழுகிறவரைக்கும் நாலு நிமிஷம் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஓடிப் பார்த்தாள். ஆறு நிமிஷம் பத்து விநாடி. நாலாவது நிமிஷம் முடிகிற இடத்தில் நின்றால் கண்ணாடிக்குப் பின்னால் பன்றிக்கால்கள் வரிசையாகத் தொங்கின. சாவதற்கு இன்னும் கொஞ்சம் கௌரவமான இடம் கிடைத்திருக்கலாம் என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். பெவர்லியின் ஊரான ஸ்கார்தோர்ப்பைச் சுற்றி மூன்று போர் விமானத் தளங்கள். தலைக்கு மேலே குண்டு விமானம் உறுமாத நாளில் கோழிகள்கூட மிரண்டுபோய் முட்டையிட மறந்துவிடும். ரஷ்யாக்காரன் லண்டனுக்குப் போடுவதற்கு முன்னால் லிங்கன்ஷயருக்குத்தான் போடுவான் என்பதில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஸ்கெக்னெஸ்ஸிலிருந்து பெரியம்மா பிள்ளைகள் வந்தால் பெவர்லி சொல்வாள், "உங்களுக்கெல்லாம் மிச்சம் மீதிதான்டி வரும். மொதல் குண்டு எங்களுக்கு."

நாலு நிமிஷத்தில் என்ன செய்வாய் என்பதுதான் அந்த வசந்த காலம் முழுக்க விளையாட்டு மைதானத்தில் பேச்சு. வீட்டிலிருக்கிற சாக்லேட்டையெல்லாம் தின்றுவிடுவேன் என்றான் கீரன். மார்ட்டினுக்கு முத்தம் கொடுத்துவிடுவேன் என்றாள் டோனா. "அப்ப ரஷ்யாக்காரன சீக்கிரம் போடச் சொல்லு," என்றான் மார்ட்டின். பெவர்லி வாய் திறக்கவில்லை. அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா, அப்பா, தம்பி டாரன், அவள், நாலு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆகவே தினமும் ஓடினாள். கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்கே புகுந்தால் ஒரு நிமிஷம் மிச்சம். மிஸஸ் டன்வெல் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் இடத்தில் மட்டும் இருபது விநாடி வீணாயிற்று.

"மிஸஸ் டன்வெல், சங்கு ஊதினா என்னை நிறுத்தாம விட்டுடுவீங்களா?"

"குண்டாவது கிண்டாவது. ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் தாண்டணும். என் ரோட்டுல ஒரு பிள்ளையும் அடிபட்டுச் சாகக் கூடாது," என்றாள் மிஸஸ் டன்வெல்.

மே மாதத்துக்குள் நாலு நிமிஷம் நாற்பது விநாடிக்கு வந்துவிட்டாள். அந்த நாற்பதையும் குறைத்துவிட முடியும் என்ற தெம்பில்தான் ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தாள். மீன் துண்டு, பட்டாணி, வறுத்த உருளைக்கிழங்கு.

"அப்பா, நீங்க மீட்டர் பாக்கப் போன எடத்துல இருந்தா, நாலு நிமிஷத்துல வீட்டுக்கு வந்துருவீங்களா? வேன் இருக்குல்ல?"

பெவர்லியின் அப்பா கிளிஃப் மின்சார மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய், மாடிப்படிக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்து, எண்ணை எழுதிக்கொண்டு வருவார். யாரோடும் சண்டை போடாத, யார் வீட்டு நாயும் கடிக்காத மனிதர். அவர் பட்டாணிகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"நான் இங்க வர மாட்டேன் பெவ். எனக்கு வேலை இருக்கும்."

"குண்டு விழுந்தப்புறமா? மீட்டர் பாக்கவா?" என்று டாரன் சிரித்தான். அவனுக்கு ஏழு வயது.

புதன்கிழமை சாயங்காலங்களில் அப்பா நீலச் சட்டை போட்டுக்கொண்டு கண்காணிப்புப் படைக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பளமில்லாத வேலை. ஊருக்கு வெளியே பீட்ரூட் வயலுக்கு நடுவில் ஒரு குழி இருக்கிறது, அதற்குள் இறங்கிச் சீட்டாடிவிட்டு வருகிறார்கள் என்றுதான் பெவர்லி நினைத்திருந்தாள். அப்பா அன்றைக்குத்தான் விளக்கமாகச் சொன்னார். போர் வரும்போல் தெரிந்தால் முன்கூட்டியே போன் வரும். மூன்று பேர் குழிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ள வேண்டும். குண்டு எங்கே விழுந்தது, எவ்வளவு பெரியது, காற்றில் எவ்வளவு விஷம் என்று முள் பார்த்துத் தலைமையிடத்துக்குச் சொல்ல வேண்டும்.

"நாங்க சொல்லித்தான் நாட்டுக்கே தெரியும்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"குண்டு விழுந்ததா? நீங்க சொல்லாமலே தெரியாதாப்பா?" என்று கேட்டான் டாரன்.

அம்மா பிரெண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாள் உள்ள இருக்கணும்?"

"ரெண்டு வாரம். தேவைப்பட்டா மூணு."

"யார் யாரு?"

"நான், பெர்சி..." அப்பா தண்ணீர் குடித்தார். "லொரேய்ன்."

பெர்சி சவப்பெட்டி செய்கிறவர், அறுபது வயசு, அவரால் பிரச்சினை இல்லை. லொரேய்ன் கடைத்தெருவில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் போன வருஷம் ஒரு வேலையாக ஹல்லுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். போன கிறிஸ்துமஸுக்கு பெவர்லியின் அம்மாவுக்கு அவள் தலைமுடியைச் சுருட்டிவிட்டதில் அம்மா பிப்ரவரிவரை தொப்பியோடு நடமாடினாள்.

"ஆக, நானும் பிள்ளைங்களும் மேல வெந்துக்கிட்டிருப்போம்," என்றாள் அம்மா. "நீ கீழ லொரேய்னோட உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருப்ப."

"பெர்சியும் இருப்பாரு பிரெண்டா."

"ஆமா, அவரு வேற. ஊரே ஒரே நாள்ல சாவுது, பெட்டி செய்யற ஆளு பொந்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறாரு!"

அப்பா அந்த நேரம் பார்த்து எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். குண்டு விழுந்தால் வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கம் போட்டது. "உங்களுக்கும் வழி சொல்லியிருக்காங்க," என்றார். கிளிஃப் தன் வாழ்நாளில் எத்தனையோ தப்பு செய்திருக்கலாம். இதைவிடப் பெரிய தப்பு ஒன்றைப் பெவர்லி பார்த்ததில்லை.

அம்மா அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். வீட்டுக் கதவுகளைக் கழற்றி உள்சுவரில் சாய்த்து வைத்து, மேலே மண் நிரப்பிய பெட்டிகளையும் மெத்தைகளையும் போட்டு, அடியில் இரண்டு வாரம் படுத்துக்கொள்ள வேண்டுமாம். திங்கட்கிழமை பெவர்லி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தாள். முதலில் கழற்றியது கக்கூஸ் கதவை.

"ஏன் அதப் போய்க் கழட்டின?" என்றார் அப்பா, வேலையிலிருந்து வந்ததும்.

"அதுதான் கனமான கதவு. புத்தகத்துல கனமான கதவாப் பாத்து எடுக்கச் சொல்லியிருக்கு. உன் புத்தகம்."

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் கக்கூஸுக்குப் போகிறவர்கள் பாடிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பாட்டு நின்றால்தான் அடுத்த ஆள் மாடியேறலாம். டாரன் தேசிய கீதம் பாடுவான். அப்பாவுக்குப் பாட வராது, விசில் அடிப்பார். ஒரு நாள் பாதிரியார் தேநீருக்கு வந்தார். கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு மாடிக்குப் போனார். அவரும் பாடினார். இரண்டு சரணம்.

கூடத்துச் சுவரில் சாய்த்த நாலு கதவுக்கு அடியில் அம்மா மெத்தை விரித்தாள். தண்ணீர் பிடித்து வைத்தாள். யாராவது செத்தால் போர்வையில் சுற்றி, பேர் எழுதிக் கட்டி, அறைக்கு வெளியே போட வேண்டும் என்ற இடத்தை அப்பா காதில் விழும்படி உரக்கப் படித்தாள். "உனக்குக் கவலை இல்ல கிளிஃப். உனக்கு லொரேய்ன் எழுதிக் கட்டுவா. நல்ல கையெழுத்து அவளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை அப்பா குனிந்து கதவுகளுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்க," என்றார். பிறகு மெதுவாக, "நான் எங்க படுக்கறது?"

"மூணு பேருக்குத்தான் எடம்," என்றாள் அம்மா.

டாரனுக்கு இதெல்லாம் கூடாரம் கட்டி விளையாடுகிற மாதிரி இருந்தது. பெவர்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். ஸ்டாப்வாட்சைத் திரும்ப அப்பாவின் இழுப்பறையில் போட்டுவிட்டாள். நாலு நிமிஷத்துக்குள் ஓடி வந்தாலும் அங்கே அப்பா இருக்க மாட்டார் என்றால் எதற்காக மூச்சு வாங்க வேண்டும்? குண்டைப் பற்றி அவளுக்கு எப்போதும் பயம் இருந்தது. ஆனால் அது மழை மாதிரி, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்று நினைத்திருந்தாள். அப்பா அதற்காக ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார், அந்த ஏற்பாட்டில் தான் இல்லை என்பது அவள் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. கிளிஃப் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பாள். நல்ல முகம்தான். அதுதான் இன்னும் மோசம்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. மூன்று பேர் என்று யார் சொன்னது? யாராவது அளந்து பார்த்தார்களா? மீட்டர் பார்க்கிறவர் வீட்டில் வளர்ந்தவள் அவள். வீட்டுக்காரர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளாமல், நேரில் முள்ளைப் பார்க்கிற வீடு. ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை நாடு முழுக்க ஒத்திகை, அப்பா காலையிலேயே குழிக்குப் போய்விட்டார். டோனா வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பெவர்லி பீட்ரூட் வயல் வழியாக நடந்தாள்.

வயலுக்கு நடுவில் ஒரு மண்மேடு. அதன் மேல் பச்சை வண்ணம் அடித்த இரும்பு மூடி. பக்கத்தில் காற்றுப் போக ஒரு குழாய். நல்ல வெயில். தூரத்தில் யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கல்லை எடுத்து மூடியில் தட்டினாள்.

கீழே அப்போது நடந்ததை லொரேய்ன் பிற்பாடு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒத்திகைத் தாளின்படி பதினொரு நிமிஷத்துக்கு முன்னால்தான் பக்கத்து விமானத் தளத்தில் குண்டு விழுந்திருந்தது. ஊரில் யாருமில்லை. வெளிக்காற்று முழுக்க விஷம். மூன்று பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே டங், டங் என்று சத்தம். அப்பா தலைமையிடத்தோடு பேசும் பெட்டியை அழுத்தினார்.

"நாப்பத்தி ரெண்டாம் குழி பேசறேன். மேல யாரோ தட்டறாங்க."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு இளைஞனின் குரல். "தட்டறாங்களா? ஒத்திகைத் தாள்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"தாள்ல இல்ல தம்பி. மூடியில தட்டறாங்க."

காகிதம் புரட்டும் சத்தம். "உயிர் பிழைச்சவங்க வந்தா திறக்கக் கூடாதுங்க. விதியில போட்டிருக்கு. எத்தனை பேர்?"

அப்போதுதான் காற்றுக் குழாய் வழியாகப் பெவர்லியின் குரல் இறங்கியது. "அப்பா! நான்தான்! அளவெடுக்க வந்திருக்கேன்!"

பெர்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அளவெடுக்கவா? அது என் வேலையாச்சே!"

"யாருங்க அது?" என்றது பெட்டி.

"என் பொண்ணு," என்றார் அப்பா.

"பொண்ணா? ஒத்திகையில வர்ற பொண்ணா, நிஜப் பொண்ணா?"

அப்பா பெட்டியை விட்டுவிட்டு ஏணிக்கு அடியில் போய், ஒரு படியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "முழுசா ஒரு நிமிஷம் நின்னாரு," என்பாள் லொரேய்ன். இந்த இடத்தில் மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். "மேல வெயில் அடிக்குது, பிள்ளை ஒரு ஆபத்தும் இல்லாம நிக்குதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நின்னாரு. எனக்கு அவர் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

மேலே பெவர்லிக்கு அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளமாக இருந்தது. போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. அப்பாவின் தலை தெரிந்தது. வேர்த்திருந்தது.

"உள்ள வா. சீக்கிரம்," என்றார் ரகசியமாக. "காத்து சரியில்ல."

பெவர்லி ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள். வானம்பாடி ஒன்று அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவள் ஏணியில் இறங்கினாள். அப்பா மூடியைச் சாத்தி இறுகப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே இறங்கினார்.

குழி ஈரமாக, பழைய சாக்கு மாதிரி நாற்றமடித்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு படுக்கை, சுவரில் வட்டமான மீட்டர். ஏணிக்குப் பக்கத்தில் அலமாரி அளவில் ஒரு சின்ன அறை. பெவர்லி நாடாவை எடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள அவள் கேட்காமலே லொரேய்ன் முன்வந்தாள். நீளம் பதினைந்து அடி. அகலம் ஏழரை. பெவர்லி மனசுக்குள் அப்பாவை இங்கே, அம்மாவை அங்கே என்று வைத்துப் பார்த்தாள்.

"மேஜை, படுக்கை எல்லாம் போக அஞ்சு பேர் நிக்கலாம். நாலு பேர் உக்காரலாம்," என்றாள். "படுக்கறதுதான்..."

"பெட்டியில வெச்சு அடுக்கினா ஏழு பேர் புடிக்கும்," என்றார் பெர்சி. தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெவர்லி லொரேய்னைப் பார்த்தாள். மூன்று வாரமாக வெறுத்துவந்த ஆள். கிட்டத்தில் பார்த்தால் நகமெல்லாம் கடித்திருந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு மட்டும் ஏன் எடம் குடுத்தாங்க?"

"நான் மூணாம் நம்பர் கண்ணு. குண்டு விழுந்து ஒரு நிமிஷம் கழிச்சு நான்தான் மேல ஏறிப் போகணும். அங்க ஒரு டப்பா இருக்கு, அதுல வெளிச்சம் பதிஞ்ச தாள் இருக்கும். அத எடுத்துட்டுப் புதுத் தாள் வெச்சுட்டு வரணும்."

"வெளியவா? நீங்க வெந்துட மாட்டீங்களா?"

"கையுறை குடுப்பாங்க," என்றாள் லொரேய்ன்.

"யாரு உங்களப் போகச் சொல்லுவாங்க?"

லொரேய்ன் திரும்பிக் கிளிஃபைப் பார்த்தாள். கிளிஃப் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்திலேயே நின்றது. அவர் அதை ரொம்ப நேரம் படித்தார்.

மறுபடி மூடியில் சத்தம். இந்தத் தடவை கல் இல்லை, ஏதோ பெரியதாக இருந்தது. பெவர்லியைத் தேடிக்கொண்டு டோனா இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், நாடாவைக் காணோம் என்று டாரன் கண்டுபிடித்திருக்கிறான், அம்மா மண்வெட்டியோடு வயலில் நடந்து வந்திருக்கிறாள்.

"கிளிஃப்! எம் பொண்ண வெளிய விடு!"

"நாப்பத்தி ரெண்டு, என்ன நடக்குது அங்க?" என்று அலறியது பெட்டி. "இன்னும் உயிர் பிழைச்சவங்களா?"

"பெருகிக்கிட்டே இருக்காங்க," என்றார் பெர்சி.

அப்பா இந்தத் தடவை நிற்கவில்லை. நேரே ஏறிப்போய்த் திறந்தார். அம்மா வீட்டுச் செருப்போடு, ஏப்ரனோடு, படிக்குப் படி திட்டிக்கொண்டே இறங்கினாள். பின்னால் டாரன். கீழே வந்து நின்றவள் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சின்ன அறைதான். கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே மருந்து ஊற்றிய வாளி. மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"இதுக்குக் கதவு இருக்கு!" என்றாள். "என் வீட்டுல கதவில்ல. இவங்க வாளிக்குக் கதவு!"

"தாழ்ப்பாள் சரியில்ல பிரெண்டா," என்றாள் லொரேய்ன், சமாதானமாக. "உள்ள போனா யாராவது வெளிய புடிச்சுக்கணும்."

"யாரு புடிச்சுக்குவா?"

"பெர்சி கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சுக்குவாரு."

அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் கையில் ஒட்டியது. ஒற்றைப் படுக்கையைப் பார்த்தாள். பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவை, ஏதோ அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி, மேலும் கீழும் பார்த்தாள். திட்டிக்கொண்டு வந்த வேகமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இதுக்குள்ளயா ரெண்டு வாரம்?"

"மூணும் ஆகலாம்," என்றார் பெர்சி.

"இவரு குறட்டை விடுவாரே லொரேய்ன்."

"தெரியும் பிரெண்டா."

"எப்படித் தெரியும்?"

"போன ஒத்திகையில பாதி நேரம் தூங்கினாரு. குண்டு விழுந்தத நாங்கதான் எழுப்பிச் சொன்னோம்."

அம்மா படுக்கையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். துடைத்தது சிரிப்பு மட்டும்தானா என்று பெவர்லிக்குச் சந்தேகமாக இருந்தது. லொரேய்ன் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். மூன்று கோப்பைதான் இருந்தது. ஆறு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி ரெண்டு, உங்க நிலவரம் என்ன? கடைசியில் பெர்சிதான் எட்டி அழுத்தினார்.

"ஆறு பேர் இருக்கோம். டீ குடிக்கறோம். மேல எல்லாரும் செத்துட்டாங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

அந்த வருஷம் மாவட்டத்திலேயே ஒத்திகையில் தோற்ற ஒரே குழி அதுதான். தாளின்படி ஆறு பேரும் செவ்வாய்க்கிழமைக்குள் செத்துப்போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அப்பா வீட்டுக் கதவுகளைத் திரும்ப மாட்டினார். அம்மா தடுக்கவில்லை. லொரேய்னிடம் போய்த் தலையைக்கூடக் காட்டினாள், சுருட்டாமல் வெட்ட மட்டும். போர் வரவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது, குழி இனி வேண்டாம் என்று. ஆட்கள் வந்து கருவிகளைக் கழற்றிக்கொண்டு மூடியை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். அப்போது பெவர்லி லீட்ஸில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா போனில் சொன்னபோது, "அப்படியா," என்று மட்டும் சொன்னாள். ஆனால் போனை வைத்தபின் அவள் நினைத்துக்கொண்டது குழியை அல்ல. ஒத்திகை முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த ஒரு சனிக்கிழமையை.

அன்றைக்கு அப்பாவை லிங்கனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள், விசாரணைக்கு. மத்தியானம் திரும்பி வரும்போது மீனும் சிப்ஸும் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்தார். உடை மாற்றாமல் மேஜையில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க? நீக்கிட்டாங்களா?" என்றாள் அம்மா.

"இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு அந்த அதிகாரி. நிஜமாவே போர் வந்து, உங்க பொண்ணு வந்து தட்டினா திறப்பீங்களான்னு."

யாரும் சாப்பிடவில்லை.

"திறக்க மாட்டேன்னு சொன்னேன். சரி, போகலாம்னாரு."

அம்மா வினிகர் பாட்டிலை எடுத்துத் தன் தட்டில் ஊற்றினாள், தேவைக்கு மேலேயே. பெவர்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிப்படியில் பாதி தூரம் ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். படி குறுகல். அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார், கால்சட்டை முழங்காலைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"அவர்கிட்ட பொய் சொன்னீங்களா?" என்று கேட்டாள் பெவர்லி.

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பாவும் சொல்லியிருப்பார். கிளிஃப் யோசித்தார்.

"தெரியல பெவ். அன்னைக்கு ஏணிகிட்ட நின்னேன் பாரு. அப்பவே எனக்குத் தெரியல. நீ கூப்பிடறது கேக்குது. லொரேய்னும் பெர்சியும் என்னையே பாக்கறாங்க. வெறும் தாள்ல எழுதின குண்டுதான். அதுக்கே என் கால் நகரல."

"அப்புறம் திறந்தீங்கல்ல."

"திறந்தேன். ஆனா வெளிய வெயிலடிக்குதுன்னு தெரிஞ்சுதானே திறந்தேன்?"

பெவர்லி அவர் பின்கழுத்தைப் பார்த்தாள். லொரேய்ன் முடி வெட்டிவிட்டது, ஒரு பக்கம் ஏறி இருந்தது.

"உங்களுக்குப் பயமா இருக்காப்பா?"

"இருக்கு. ரொம்ப."

பெரியவர்கள் யாரும் அதுவரை அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒன்றும் ஆகாது என்பார்கள். பெரியவங்க பாத்துக்குவாங்க என்பார்கள். பார்த்துக்கொள்கிறவர் இதோ ஒரு படி கீழே உட்கார்ந்து, தனக்குத் தெரியாது என்கிறார். அவளுக்கு இன்னும் பயம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. வயிற்றிலிருந்த கல்லை யாரோ பாதிக்குப் பாதி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"எனக்கும்தான்," என்றாள்.

கீழேயிருந்து டாரன் கத்தினான், "நீங்க வரலன்னா உங்க மீனையும் நானே தின்னுடுவேன்!"

"தின்னுடுவான்," என்றார் அப்பா.

"தின்னுடுவான்," என்றாள் பெவர்லி. இரண்டு பேரும் எழுந்து இறங்கினார்கள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.